மூடவேண்டிய மடைகள்

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கத் தொடங்கிய மடிக்கணினி, நம் கொங்கு நாட்டில் அநேக இல்லங்களில் இன்றும் ஜீவனோடு இருக்கிறது. ஆயினும் பொத்தானை அழுத்தியபின், அடுப்பிலிட்ட பால் பொங்கி இறங்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதைப் பழுதென்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தோட்டம். மோட்டார் ஓடுகிறது. சோளக்காட்டுக்குத் தண்ணீர் பாயவேண்டிய நேரத்தில் வேறு நான்கு மடைகளும் திறந்து கிடந்தால், கடைசிப் பாத்தி எப்படி நனையும்? கணினியின் நிலையும் அதுவே. நாம் அழைக்காத நிரல்கள் பல, அது கண்விழித்த க்ஷணமே பின்னணியில் எழுந்து, அதன் சொற்ப நினைவகத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

விண்டோஸ் 10 உள்ள கணினியானால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் ஸ்டார்ட்அப் என்ற பகுதிக்குப் போய், தேவையற்ற நிரலின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, டிஸேபிள் என்று கொடுங்கள். நிரல் அழியாது, நீங்கள் அழைத்தால் வரும். மடையைத்தான் அடைக்கிறோம், வாய்க்காலைத் தூர்க்கவில்லை.

அச்சிடும் வேலையே இல்லாத வீடென்றால், சர்வீசஸ் பட்டியலில் அச்சுப்பணியைக் கவனிக்கும் பிரிண்ட் ஸ்பூலரையும் நிறுத்திவைக்கலாம். வைரஸ் தடுப்பை மாத்திரம் தயவுசெய்து தொடாதீர்கள். பெயர் விளங்காத எதையும் தொடாதீர்கள். ஒரு மடையை அடைத்து, கணினியை அணைத்து மறுபடி இயக்கிப் பாருங்கள். எல்லாம் சரியாயிருந்தால், பிறகு அடுத்த மடை.