கேட்கும் செவி வேண்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

நான் புலவனல்லன், பத்தாம் வகுப்போடு நின்று, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன். பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றிப் பட்டறிவால் உணர்ந்த ஒன்றையே சொல்ல விழைகிறேன்.

நம் தங்கவயலுக்கு வாசிப்பு புதிதன்று. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசா தமிழன்' இதழுக்கு இங்கே ஆதரவாளர் பலர் இருந்தனர். 1914-இல் பண்டிதர் மறைந்தார். பின்னர் 1920-களில், ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு அவ்விதழ் இவ்வூரிலிருந்தே வெளிவந்தது. எழுத்தறியாத என் பாட்டனாரும், லைன் வீட்டு வாசலில் அண்டை வீட்டார் உரக்க வாசிக்கக் கேட்டே உலகை அறிந்தார்.

இன்றோ? 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. நம்மவர் பலர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் நம் பிள்ளைகளுள் பலர், தமிழ் பேசுகின்றனர், வாசிக்கத் திணறுகின்றனர்.

சில ஆண்டுகளுக்கு முன், பார்வை மங்கிய என் தந்தையார், செய்தித்தாளை வாசித்துக் காட்டும்படி பேரனைக் கேட்டார். இரண்டு வரி எழுத்துக் கூட்டிய பையன், நாணித் தாளை வைத்துவிட்டு வெளியே ஓடிவிட்டான். தந்தையார் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னைச் சுட்டது.

அன்றிரவு முதல் நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்கினோம். பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் ஒன்று. பையன் வாசிப்பான், நாங்கள் கேட்போம். தடுமாறினால் அதட்டாமல் சற்றுக் காத்திருந்து சொல்லைத் தருவோம். கன்னடத்தில் இரு ஒலிக்கும் இரு எழுத்து இருக்க, தமிழில் ஒரே 'க' 'பக்கம்' என்பதில் வலித்தும் 'தங்கம்' என்பதில் மெலிந்தும் ஒலிப்பது அவனை மயக்கியது. இரட்டித்தால் வலிக்கும், மெல்லெழுத்தின் பின் மெலியும் என்றதும் தெளிந்தான்.

எனக்கு இரவுப் பணி வந்த நாள்களில், தமிழ் வாசிக்க அறியாத என் மனைவியே அருகமர்ந்து கேட்டாள். "அப்புறம் என்னடா ஆச்சு?" என்று அவள் கேட்ட கேள்விக்காகவே அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான். குழந்தைக்கு ஆசிரியர் பள்ளியில் உண்டு. வீட்டில் வேண்டுவது கேட்கும் செவியே என அன்று உணர்ந்தேன்.

ஆறு திங்களில் பையன் தாத்தாவுக்கு அரைப் பக்கம் வாசித்தான். அவர் கண்மூடிக் கேட்டு, "இன்னொரு தரம் படி" என்றார். அடுத்த தை மாதம் அவர் காலமானார். கேட்டுவிட்டுப் போனார் என்பதே எனக்கு ஆறுதல்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் இம்மன்றத்தில் ஒரு புத்தகப் பெட்டி திறக்கப்படட்டும். வீட்டுக்கு ஒரு நூல் வழங்குவோம். தாய்மார்களே, எழுத்தறியோம் என்று தயங்க வேண்டா. இன்றிரவே பிள்ளையை அருகழைத்துச் செவி கொடுங்கள்.