முயலுக்கு ஊசி மருந்து

டோம்பிவிலியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் குடியேறியுள்ள நம்மவர் வீடுகளில், பால்கனித் துளசித் தொட்டிக்கு அருகே முயற்கூண்டு ஒன்றும் இடம்பெற்று வருவதைக் காண்கிறோம். நாயைக் கண்டால் முணுமுணுக்கும் அண்டை வீட்டார் முயலைக் கண்டு முகம் சுளிப்பதில்லை. குரைக்காமை என்பதே அதன் பெருந்தகுதி போலும்!

அந்த முயல் ஒரு நாள் தும்மத் தொடங்குகிறது. மூக்கில் சளி வடிகிறது. அதனைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால்களின் உட்புற மயிர் திரிதிரியாக ஒட்டிக்கொள்கிறது. பாஸ்டுரெல்லா என்னும் நுண்கிருமி பல வேளைகளில் இதற்குக் காரணம். வீட்டார் செய்வது என்ன? குழந்தையின் காய்ச்சலுக்கு வாங்கி மிஞ்சிய அமாக்சிசிலின் மருந்தை எடுத்து, அன்போடு வாயில் புகட்டிவிடுகிறார்கள். சில நாட்களில் முயல் கழிந்து கழிந்து மடிகிறது. நோய் கொன்றது என்று எண்ணுகிறார்கள். கொன்றது பெரும்பாலும் மருந்தேயாகும்.

முயலின் குடலில் பெருங்குடற்பை என்றொரு பகுதி உண்டு. தின்ற புல்லை அங்கே வாழும் நன்மை தரும் கிருமிகளே பக்குவப்படுத்துகின்றன. வாய்வழிச் செல்லும் பெனிசிலின் இனத்து மருந்துகள் அக்கிருமிகளை அழித்துவிடுகின்றன. காலியான இடத்தில் கிளாஸ்டிரிடியம் என்னும் தீய கிருமி பெருகி நஞ்சைக் கக்குகிறது. முயலால் வாந்தி எடுக்கவும் இயலாது. 1940-ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்கள் பெனிசிலினைச் சுண்டெலிகளிடம் சோதித்து வெற்றி கண்டனர். 1943-இல் அதே மருந்து கினிப்பன்றிகளைக் கொல்வது தெரியவந்தது. முதற்சோதனை கினிப்பன்றியில் நடந்திருப்பின், அம்மருந்து அன்றே கைவிடப்பட்டிருக்கலாம். நம் புனேவுக்கு அருகே பிம்பிரியில் 1954-இல் பெனிசிலின் தொழிற்சாலையும் எழுந்திராது.

வியப்பு என்னவெனில், வாய்வழிக் கொல்லும் அதே பெனிசிலினை, முயலுக்கு வரும் மேகநோய்க்கும் தாடைக் கட்டிகளுக்கும் ஊசி வழியாக மருத்துவர்கள் கொடுத்துக் குணப்படுத்துகின்றனர். ஆயினும் ஊசியாக ஏற்றினால் எல்லாம் நலமே என்று கருதிவிடலாகாது. லின்கோமைசின், கிளிண்டாமைசின், அமாக்சிசிலின் ஆகியவை எவ்வழியிலும் முயலுக்கு ஆகா. இன்ன மருந்து, இவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே எழுதித்தர வேண்டும். நாள்தோறும் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்வது முயலுக்குப் பெரும் அச்சம் தருவதால், முதல் ஊசியைத் தாம் போட்டுக்காட்டி, எஞ்சியவற்றை வீட்டிலேயே போடும்படி அவர் சொல்வதுண்டு. அங்கேதான் நம் கவனம் தேவைப்படுகிறது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ‘யூனிட்’ என்ற சொல்லைக் கண்டால் சிறிது அச்சம். பெனிசிலினுக்கும் யூனிட், இன்சுலினுக்கும் யூனிட், இரண்டிற்கும் தொடர்பே இல்லை. கடையில் கிடைக்கும் மெல்லிய இன்சுலின் சிரிஞ்சுகளில் ஒரு வகையில் 40 கோடுகள் சேர்ந்தால் ஒரு மில்லி. மற்றொரு வகையில் 100 கோடுகள் சேர்ந்தால் ஒரு மில்லி. மருத்துவர் 0.3 மில்லி என்று எழுதியிருந்தால், முன்னதில் 12-ஆம் கோடு. பின்னதில் 30-ஆம் கோடு. முன்னதில் 30 வரை நிரப்பிவிட்டால் இரண்டரை மடங்கு மருந்து ஏறிவிடும்! மில்லி என்று அச்சிட்ட சிரிஞ்சையே கேட்டு வாங்குங்கள். முயலையும் சமையலறைத் தராசில் நிறுத்து, எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊசி போட இருவர் வேண்டும். ஒருவர் முயலைத் துண்டில் சுற்றி, பின்புறத்தைத் தாங்கி, மேசைமேல் அணைத்துக்கொள்ள வேண்டும். காதைப் பிடித்துத் தூக்கலாகாது. பின்னங்கால்கள் தாங்கலின்றி உதைக்க நேர்ந்தால், மெல்லிய முதுகெலும்பு முறிந்து கால்கள் செயலற்றுப்போகும். மற்றவர் பிடரிக்குக் கீழ்த் தளர்ந்த தோலைக் கூடாரம்போல் தூக்கி, அடிப்பகுதியில் ஊசியைச் செலுத்த வேண்டும். தண்டைச் சற்றே பின்னிழுத்துப் பாருங்கள். இரத்தம் தெரிந்தால் வெளியே எடுத்து, புதிய ஊசியுடன் வேறிடத்தில் போடுங்கள். மயிர் நனைந்தால் ஊசி மறுபுறம் வந்துவிட்டது என்று பொருள். எவ்வளவு உள்ளே போயிற்றென்று தெரியாதாகையால், ஊகத்தால் மீண்டும் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். பால்போன்ற பெனிசிலின் கலவையை நன்கு குலுக்க வேண்டும்; அது இரத்தக்குழாயில் ஏறவே கூடாது. என்ரோஃப்ளாக்சசின் தசையையும் தோலையும் புண்ணாக்கக்கூடும். அதனை நீர்க்கச் செய்யும் அளவை மருத்துவரிடமே கேட்க வேண்டும். ஒரு நாள் இடப்புறம், மறுநாள் வலப்புறம் என்று மாற்றுங்கள். தொடையில் போடுவதை நீங்கள் முயலவே வேண்டாம். அங்கே ஓடும் நரம்பில் பட்டால் கால் முடங்கும்.

சொந்த ஊரில் இறைச்சிக்காக முயல் வளர்க்கும் உறவினர் இருப்பின், மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதையும் அவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்ட நாட்களில் புழுக்கையைக் கவனியுங்கள். அது சிறுத்தாலும், இளகினாலும், முயல் அரை நாள் புல்லைத் தொடாதிருந்தாலும், மறுநாள்வரை காத்திராமல், அடுத்த ஊசியையும் போடாமல், மருத்துவரை அழைக்க வேண்டும். அருகில் முயலறிந்த மருத்துவர் இல்லையெனில், பரேலில் 1886-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரியும், அதனோடு சேர்ந்த விலங்கு மருத்துவமனையும் உள்ளன. காற்றோட்டமுள்ள கூடையில் புல் பரப்பி, வெயிலுக்கு முன் புறப்படுங்கள். மருந்துக் குப்பியையும், எந்நேரம் எவ்வளவு எப்பக்கம் போட்டீர்கள் என்று குறித்த தாளையும் உடன் கொண்டு செல்லுங்கள்.