காற்றைத் திணிக்கும் கலை



ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலாலம்பூரின் பங்சார் தெலாவி பக்கம் போனால் கடையோரமாகப் பெரிய மோட்டார்கள் நிற்பதைப் பார்க்கலாம். இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் உயர்ந்த கண்ணாடி. காராக் வழியாகக் குவாந்தானுக்கோ, வடக்கே பெத்தோங்குக்கோ கிளம்புகிற கூட்டம் அது. தே தாரிக் மேசைக்கு வருவதற்குள் பேச்சு எஞ்சினுக்குத் தாவிவிடும். "இதுல ஒரு டர்போ போட்டா எப்படிண்ணே இருக்கும்?" இன்றைய உரை அந்தக் கேள்விக்குத்தான்.

எஞ்சினுக்குள் பெட்ரோலைக் கூடுதலாக விடுவது எளிது. அதை எரிக்கத் தேவையான காற்றைக் கூடுதலாக உள்ளே கொண்டுபோவதுதான் சிரமம். டர்போ அதைப் புகையின் வேகத்தால் செய்கிறது. வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். சூப்பர்சார்ஜருக்குப் புகை வேண்டாம். பெல்ட் அல்லது பல்சக்கரம் வழியாக எஞ்சினே அதைச் சுழற்றுகிறது. டர்போவில் வீணாகும் புகை வேலைக்கு வருகிறது, ஆனால் முறுக்கிய பிறகு ஒரு கணம் காத்திருக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் கை முறுக்கியதும் பதில் சொல்லும். அதற்குக் கூலியாக எஞ்சினின் பலத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும்.

இது புதிய பைத்தியம் என்று நினைக்காதீர்கள். 1939இல் ஜெர்மானியர் கியோர்க் மையர் சூப்பர்சார்ஜர் பொருத்திய பிஎம்டபிள்யூவில் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடி பந்தயத்தை வென்றார். போர் முடிந்ததும், 1946இல், பந்தயங்களில் அதைத் தடைசெய்துவிட்டார்கள். பிறகு 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியரின் நான்கு பெரிய கம்பெனிகளும் டர்போ மோகத்தில் இறங்கின. ஹோண்டா 1982இல் சிஎக்ஸ்500 டர்போவைக் கொண்டுவந்தது. அது நெடுந்தூரப் பயணத்தை மனத்தில் வைத்துச் செய்த மோட்டார்தான். 497 சிசி எஞ்சினிலிருந்து சுமார் 82 குதிரைத்திறன்! யமஹா, சுசுகி, காவாசாகி மூன்றும் பின்தொடர்ந்தன. பத்தாண்டு பாதி தாண்டுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. காவாசாகியின் 750 டர்போவுக்கு 112 குதிரைத்திறன். அதே காவாசாகி 1984இல் ஜிபிஇசட்900ஆர் என்ற சாதாரண எஞ்சின் மோட்டாரை 115 குதிரைத்திறனோடு இறக்கியது. ஏறக்குறைய 170 சிசி கூடுதல் கொள்ளளவு, நீரால் குளிரூட்டல், பதினாறு வால்வு, அவ்வளவுதான். டர்போவுக்கான குழாய்ச் சிக்கலும் இல்லை, காத்திருப்பும் இல்லை. தன் டர்போவைத் தானே வீட்டுக்கு அனுப்பிய கம்பெனி அது.

நம்ம ஊருக்கு வருவோம். பின்னால் மனைவி, இரண்டு பெட்டி நிறையச் சாமான், கோம்பாக் டோலைத் தாண்டிக் கெந்திங் செம்பா வரை விடாத ஏற்றம். முன்னால் லாரி. கியரைக் குறைக்காமல் முறுக்கினாலே வண்டி தாண்டிப் போக வேண்டும் என்ற ஆசை நியாயமானது. சூப்பர்சார்ஜர் உண்மையிலேயே சுகம் தரும் இடம் இதுதான். கேமரன் மலை தானா ராத்தாவில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையையும் இது ஈடுகட்டும். ஆனால் ஆயிரம் சிசி மோட்டார் வைத்திருப்பவருக்கு அந்த எட்டில் ஒரு பங்கு தெரியவே தெரியாது. நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் வேகமும் 110தான்.

நமக்குப் பெரிய வில்லன் வெயில். 33 டிகிரிக் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கிப் பாருங்கள். அமுக்கும் கருவி சுமாரான தரம் என்றால் காற்று 85 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். சூடான காற்று எஞ்சினுக்குள் போனால் தீப்பொறி விழும் முன்பே, அல்லது விழுந்ததும் தாறுமாறாக, எரிபொருள் வெடிக்கும். பட்டறைக்காரர்கள் நாக்கிங் என்பது இதைத்தான். பிஸ்டன் ஓட்டையாவது இப்படித்தான். இன்டர்கூலர் வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம். மாலை ஆறு மணிக்கு ஜாலான் பங்சாரில் நின்று நின்று நகரும்போது அதன்மேல் காற்று எங்கிருந்து படும்? டர்போவின் சூடு மட்டும் உங்கள் முழங்காலில் தவறாமல் படும்.

காவாசாகி 2018இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எச்2 எஸ்எக்ஸ் இந்தக் கலையின் உச்சம் என்பேன். தொழிற்சாலையே சூப்பர்சார்ஜர் வைத்துக் கட்டிய பயண மோட்டார் அது. அதன் மூத்த அண்ணனான எச்2வில் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவை அமுக்கப்படும் விகிதம், 8.5க்கு ஒன்று. பயணத்துக்கு அது ஒத்துவராது என்று எஸ்எக்ஸில் 11.2 ஆக உயர்த்தினார்கள். காற்றுச் சக்கரத்தையும் மாற்றினார்கள். சாதாரண ஓட்டத்தில் பெட்ரோலைக் குடிக்காமல் இருக்க அவ்வளவு வேலை. எச்2வில் அந்தச் சக்கரம் எஞ்சின் தண்டைவிட 9.2 மடங்கு வேகத்தில் சுற்றும். பத்தாயிரம் சுற்றில் ஓடும்போது அது 92 ஆயிரம்! இன்டர்கூலரே கிடையாது. காற்றை அதிகம் சூடாக்காமலே அமுக்கும் அளவுக்குச் சக்கரத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். ஜெட் எஞ்சின் செய்யும் கம்பெனியின் கைவேலை தெரிகிறது.

கடையில் வாங்கிப் பொருத்தும் கிட் அப்படி இல்லை. இன்றைய பயண மோட்டார்கள் பலவற்றில் கம்பிரஷன் 12க்கு மேல். அதன்மேல் இன்னும் அரை பார் அழுத்தம் ஏற்றுவது தற்கொலை. பிஸ்டன் மாற்ற வேண்டும், கணினியைத் திருத்த வேண்டும், பெட்ரோல் பம்பை மாற்ற வேண்டும். இத்தனையும் செய்த பிறகு முதலில் கையை விரிப்பது கிளட்ச்தான். ஆயிலில் ஊறிய அந்தத் தட்டுகள் கூடுதல் இழுவையைத் தாங்காமல் வழுக்கும். டர்போ என்றால் அதன் தண்டும் அதே எஞ்சின் ஆயிலில்தான் மிதக்கிறது. மலை ஏறியதும் பட்டென்று சாவியைத் திருப்பினால் ஆயில் அங்கேயே கருகும். ஒன்றிரண்டு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைக்கும் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு?

என் மதிப்பீடு இது. கலையாகப் பார்த்தால் முழு மதிப்பெண். பயணத்துக்கு என்றால், டர்போ கிட் வேண்டாம். மனசு கேட்கவில்லை என்றால் கம்பிரஷன் குறைந்த பெரிய எஞ்சினுக்கு, மிகக் குறைந்த அழுத்தத்தில், சூப்பர்சார்ஜர் மட்டும். அதையும் இந்த வேலையை முன்பே செய்து பழகிய பட்டறையில் செய்யுங்கள்.

பட்டறைக்கு முன்னால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அலுவலகத்துக்கும் காப்புறுதி முகவரிடமும் போய்விட்டு வாருங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி எஞ்சினில் மாற்றம் செய்வது ஜேபிஜேவுக்குத் தெரிய வேண்டிய விஷயம். அனுமதி இல்லாமல் பொருத்திய வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணம் கைக்கு வராமல் போகலாம். எழுத்தில் பதில் வாங்கிய பிறகு ஸ்பானரைத் தொடச் சொல்லுங்கள்.