பத்திரிகைப் படங்களும் நமது பொறுப்பும்



மருத்துவர் என்றால் நோயைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று, நோயைக் காட்டும் பத்திரிகைப் படங்களைப் பற்றிப் பேச விரும்புகிறோம்.

2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். இத்தகைய காலங்களில் மாவட்டங்களுக்கு நிறம் தீட்டிய தேசப்படங்கள் பத்திரிகைகளில் வருவதுண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து நிறம் தீட்டினால் கொழும்பே பெரும்பாலும் கடும் சிவப்பாகத் தெரியும். காரணம், இங்கே மக்கள் அதிகம்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கொழும்பு மாவட்டத்தில் சுமார் 23 இலட்சம் பேர். திருகோணமலையில் சுமார் 3.8 இலட்சம் பேர். இரண்டிலும் ஆயிரம் நோயாளர்கள் என்று வைத்துக்கொள்வோம். படத்தில் ஒரே நிறம். ஆனால் இலட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் கொழும்பில் சுமார் 43, திருகோணமலையில் சுமார் 263. ஆறு மடங்கு! வைத்தியசாலையில் எத்தனை கட்டில் தேவை என்பதற்கு எண்ணிக்கை வேண்டும். எங்கே ஆபத்து அதிகம் என்பதற்கு விகிதம் வேண்டும். எதைக் காட்டுகிறது என்று படம் சொல்ல வேண்டும்.

2020 ஒக்டோபரில் கொரோனா பரவியபோது கொட்டாஞ்சேனை உட்படப் பல பொலிஸ் பிரிவுகளில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு விதிக்கப்பட்டது. படத்தில் ஒரு பிரிவு முழுவதற்கும் ஒரே நிறம். ஒருவருக்கும் தொற்றில்லாத வீதியும் சிவப்பு. கடல் கடந்த சகோதரிகள் பதறிப்போய்த் தொலைபேசியில் அழைத்தீர்கள். இங்கேயோ, கொட்டாஞ்சேனை முகவரி என்றதும் ஒதுங்கி நின்றவர்களும் உண்டு. வெள்ளவத்தையில் இருந்த நாமும் அதில் சேர்த்திதான். நோய்க்குத் தீட்டிய நிறத்தை மனிதர் மேல் பூசிவிட்டோம்.

1854இல் லண்டனில் கொலரா பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற மருத்துவர், இறப்பு நேர்ந்த வீடுகளை ஒவ்வொன்றாகத் தேசப்படத்தில் குறித்தார். அவை புரோட் வீதியின் தண்ணீர்ப் பம்பைச் சுற்றியே நெருங்கியிருந்தன. அந்தப் படம் அங்கு வாழ்ந்தவர்களைக் குற்றஞ்சாட்டவில்லை, தண்ணீரைக் காட்டிக்கொடுத்தது.

சகோதரிகளே, இனி ஒரு படத்தை வட்ஸ்அப்பில் அனுப்புமுன் மூன்று கேள்விகள் கேட்போம். இது எண்ணிக்கையா, விகிதமா? எந்தத் திகதிக் கணக்கு, யார் தந்தது? இந்த நிறத்துக்குள் வாழ்பவர்கள் யார்? வரைபுத்தாளில் அச்சுகளுக்குப் பெயரிடாவிட்டால் புள்ளி தராத நம் கணித ஆசிரியைகள் நமக்குக் கற்றுத்தந்ததும் இதைத்தான்.