ஈரல் முன்கூட்டியே சொல்லும் செய்தி
(நண்பர்கள் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒரு பள்ளி ஆசிரியை நெஞ்சுவலியோடு எங்களிடம் வந்தார். பழைய காகிதங்களைப் பார்த்தபோது, நான்கு வருஷத்துக்கு முந்திய ஸ்கேன் ரிப்போர்ட் ஒன்று இருந்தது. அதில் “ஃபேட்டி லிவர், கிரேடு 1” என்று எழுதியிருந்தது. “எல்லாருக்கும் இருப்பதுதானே என்று பீரோவில் வைத்துவிட்டேன், டாக்டர்” என்றார். இதற்குள் அவருக்குச் சர்க்கரை வியாதியும் வந்திருந்தது.

அந்தக் காகிதம் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். ஆகவே இதைச் சொல்லுகிறேன்.

ஸ்கேனில் வரும் கிரேடு, ஈரலில் எவ்வளவு கொழுப்பு என்பதையே காட்டும். கொழுப்பினால் ஈரல் புண்பட்டுத் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. தழும்பை நாங்கள் 0 முதல் 4 வரை கணக்கிடுகிறோம். 4 என்பது சிரோசிஸ். கிரேடு 1 உள்ளவருக்கும் தழும்பு அதிகமாக இருக்கக்கூடும்.

“நான் மதுவைத் தொட்டதேயில்லையே!” என்று பலர் கேட்கிறார்கள். குடிக்காதவர்களுக்கும் இப்படி ஈரல் கெடுவதை 1980-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் விவரித்து எழுதினார்கள். 2023-ல் உலக நிபுணர்கள் இந்த வியாதியின் பெயரையே மாற்றி, சரீரத்தின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்தார்கள். காரணம், இது ஈரலோடு நிற்பதில்லை.

கொழுப்பு சேர்ந்த ஈரல் இன்சுலினுக்குச் சரியாகக் கீழ்ப்படியாது. வேண்டாத நேரத்திலும் சர்க்கரையை இரத்தத்தில் விடும். கெட்ட கொழுப்பையும் அனுப்பும். அது இருதய இரத்தக் குழாய்களில் படியும். ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் ஈரல் கெட்டு இறப்பவர்களைவிட இருதய வியாதியால் இறப்பவர்களே அதிகம். தழும்பு கூடக்கூட சர்க்கரை வியாதி, சிறுநீரகக் கோளாறு, இருதய வியாதி ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது. சர்க்கரை வியாதியோ திரும்ப வந்து ஈரலின் தழும்பை அதிகமாக்குகிறது.

தழும்பை அறியப் பெரிய செலவு வேண்டியதில்லை. உங்கள் வயது, இரத்தத்தில் இரண்டு ஈரல் நொதிகள், தட்டணுக்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் வைத்து ‘ஃபிப்-4’ என்று கணக்கிடுவோம். நடுத்தர வயதினருக்கு அது 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. மேலே போனால் ஃபைப்ரோஸ்கேன் செய்து பார்க்கலாம். 2021-ல் நமது மத்திய அரசும் நாட்பட்ட வியாதிகளுக்கான தேசியத் திட்டத்தில் ஃபேட்டி லிவரைச் சேர்த்திருக்கிறது.

இதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே ஈரலின் கொழுப்பு குறையும். 8 கிலோ குறைத்தால் பலருக்குத் தழும்பும் குறையத் தொடங்குகிறது. தட்டில் சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுங்கள். இனிப்புப் பானங்களை விடுங்கள். தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள். மதுவை அறவே விலக்குங்கள்.

அந்த ஆசிரியை பிழைத்துக்கொண்டார், இப்போது நடக்கிறார். “நான்கு வருஷம் முன்னே நடந்திருக்கலாமே” என்கிறார். நீங்கள் இன்றே பீரோவைத் திறந்து அந்தக் காகிதத்தை எடுங்கள். மருத்துவரிடம் கொண்டுபோய், “தழும்பு உண்டா? சர்க்கரை, இரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன?” என்று கேளுங்கள்.