வானத்தில் விழுந்த ஓட்டை



மனிதன் குடியில்லாத பனிக்காட்டில் காற்றை அளப்பதற்குச் சர்க்கார் பணம் ஏன் என்று கேட்பவர்களுக்கு, பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வே என்னும் ஸ்தாபனத்தின் கதையையே நாம் பதிலாகச் சொல்லுகின்றோம்.

அது அறிவுக்காகப் பிறந்ததல்ல. 1943-ல், யுத்த காலத்தில், தென்துருவ நிலத்துக்குப் பாத்தியம் நாட்ட இரகசியமாய் அனுப்பப்பட்ட கூட்டமே அதன் மூலம். அர்ஜெண்டைனாவும் சிலியும் அதே பாத்தியம் பேசின. பெங்குவின்களை மாத்திரம் ஒருவரும் கேட்கவில்லை! இப்பெயர் வந்தது 1962-ல்.

ஆனால் ஹாலி என்ற அதன் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். வெயிலின் கெடுதியான கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் என்னும் வாயு தலைக்கு மேலே எவ்வளவிருக்கிறதென்று டாப்சன் கருவியால் அளந்து, 1957 முதல் வருஷந்தோறும் எழுதி வைத்தார்கள். சலிப்பான வேலைதான். 1970-களின் பிற்பகுதியிலிருந்து அக்டோபர் மாதக் கணக்கு குறையலாயிற்று. 1984-க்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது! கருவியையே சந்தேகித்து, வேறு கருவி வைத்தும் பார்த்த பிறகுதான் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்லின் மூவரும் 1985 மே மாதத்தில் வெளியிட்டார்கள். குளிர்ப்பெட்டியிலும் தெளிப்பு டப்பாக்களிலும் நாம் அடைத்த வாயுக்களே காரணம் என்று பின்னர் ருசுவாயிற்று. 1987-ல் மாண்ட்ரியலில் தேசங்கள் கூடி அவற்றைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன.

ஓட்டை இன்னும் வருஷந்தோறும் விழுகின்றது. 1980-ல் இருந்த நிலை திரும்ப 2066 வாக்கில் ஆகுமென்பது 2022-ல் போட்ட கணக்கு.