புறம்போக்கு நிலமும் ஒரு பாட்டும்

(ஜூபிலி விழாக் கலை மாலையில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நாடகம் தொடங்குமுன் பத்து நிமிடம் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். பூசையில் என் பிரசங்கத்தின் நீளம் தெரிந்துதான் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள்! கலை மாலை என்பதால் கலைஞர்களைப் பற்றியே பேசுகிறேன். ஆனால் பேச்சு கடைசியில் நம் கோவிலுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திடலில்தான் வந்து நிற்கும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முன்பு நான் இருந்த பங்கில், பூசைக்குப் பிந்தி வந்த பீடச் சிறுவன் ஒருவனைக் கோபத்தில் "புறம்போக்கு" என்று திட்டிவிட்டேன். குருவானவர் வாயில் வரக்கூடாத வார்த்தை. சில நாள் கழித்து அவனுடைய அண்ணன் வந்து, "சாமி, நீங்க சொன்ன வார்த்தையில ஒரு பாட்டு வந்திருக்கு, கேளுங்க" என்று கைபேசியை நீட்டினான். நல்ல பிள்ளை, கோபமாகச் சொல்லவில்லை.

2017 ஜனவரியில், பொங்கலை ஒட்டி வெளிவந்த பாட்டு அது. கபேர் வாசுகி என்ற இளைஞர் எழுதியது. பாடியவர் டி. எம். கிருஷ்ணா; 2018-இல் இயேசுவைப் பற்றிக் கர்நாடக இசையில் பாடுவேன் என்று அறிவித்தாரே, அவர்தான். ஆனந்தபைரவி, பேகடா முதலிய இராகங்களில், ஆனால் சபா மேடைத் தமிழில் அல்ல, சென்னைத் தெருத் தமிழில். சபாவில் அல்ல, எண்ணூர்க் கழிமுகத்தில், சாம்பல் படிந்த நிலத்தில் நின்று பாடுகிறார். செமினரியில் இசை கற்ற எனக்கு முதலில் அது பொருந்தாததாகவே பட்டது. இரண்டாம் முறை கேட்டபோதுதான், அந்த இடத்தில் வேறு எப்படிப் பாட முடியும் என்று தோன்றியது.

அந்த வார்த்தையின் பொருள் என்ன? வருவாய்க் கணக்கில் பட்டா நிலம் ஒருவருக்குச் சொந்தம். அதற்கு வரி உண்டு. ஏரி, வாய்க்கால், மேய்ச்சல் தரை, சுடுகாடு, கடற்கரை போன்றவை வரிக்குப் புறம்பானவை, எல்லாருக்கும் பொது. அதுதான் புறம்போக்கு. எல்லாருக்கும் பொதுவானதைக் குறிக்கும் சொல்லை நாம் உதவாக்கரைக்குச் சூட்டிவிட்டோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் "இறைவா உமக்கே புகழ்" என்ற சுற்றுமடலில், பூமி எல்லாருக்கும் பொதுவான வீடு, தனிச் சொத்துரிமை அதற்கு அடுத்த படிதான் என்று எழுதினார். நம் தாசில்தார் அலுவலகத்துப் பழைய கணக்கும் ஏறக்குறைய அதையே சொல்கிறது!

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் எண்ணூர். இறாலும் நண்டும் விளைந்த கழி. அனல் மின் நிலையச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியாக அனுப்புகிறார்கள். குழாய் கசிந்தால் சாம்பல் கழியில் படிகிறது, ஆழம் குறைகிறது, மீன் அகலுகிறது, மழை வெள்ளமும் வடிய இடமில்லை. பாட்டு வந்த இரண்டு வாரத்தில், ஜனவரி 28-ஆம் தேதி, எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அதை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மீண்டும் எண்ணெய் வந்து வலைகளும் படகுகளும் கறுத்தன. பாட்டு எதையும் தடுத்துவிடவில்லை. ஆனால் அதைக் கேட்ட பிறகு அந்த வார்த்தையை வசையாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொருவர் எம். பழனிக்குமார். புகைப்படக் கலைஞர். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன். இராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் பெண்களை அவர் எடுத்த படங்களைப் பாருங்கள். கடலுக்குள் மூழ்கி உழைக்கும் பெண்கள். நம் தாய்மார்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி நம் திடல். ஜூபிலி நினைவாக அதற்குச் சுற்றுச்சுவர் எழுப்பிச் சமூகக் கூடம் கட்டலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். மனுவில் கையெழுத்துப் போட்டவனும் நானே. அரசு ஏட்டில் அது கடற்புறம்போக்கு. நீங்கள் கருவாடு காயவைப்பதும் வலை பொத்துவதும் அங்கேதான். "சாமி சொன்னா சரி" என்று வாயை மூடிக்கொண்டீர்கள். அது எனக்கு இப்போது வருத்தமாக இருக்கிறது.

மணல் ஓரிடத்தில் நிற்பதல்ல. நம் கீழ்க்கரையில் அது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876-இல் சென்னைத் துறைமுக வேலை தொடங்கிக் கடலுக்குள் கல் சுவர்கள் நீண்டபின் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரு பக்கத்து அழகுக்கு மறுபக்கத்து வீடுகள் விலை கொடுத்தன. கரையோரச் சுவரிலும் அப்படியே: அலை மோதித் திரும்பி அடிமணலைத் தோண்டும். திறந்த மணலோ புயலுக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளும். இது உங்களுக்குத் தெரியும். நான்தான் இத்தனை வயதில் கற்றுக்கொள்கிறேன்.

ஜூபிலி ஓவியப் போட்டிக்கு "எங்கள் பங்கு" என்று தலைப்புக் கொடுத்தோம். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் கோபுரத்தை வரைந்தார்கள். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தாள் முழுக்க மணலும் வலையும் கருவாட்டு வரிசையும் வரைந்து, கோவிலை மூலையில் கட்டைவிரல் அளவுக்கு வைத்திருந்தாள். "தலைப்புக்குப் பொருந்தவில்லை" என்று தள்ளிவிட்டோம். நடுவர்களில் நானும் ஒருவன்.

வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பங்குப் பேரவை கூடுகிறது. மனுவைத் திரும்பப் பெற நானே முன்மொழிவேன். கூடத்துக்கு வேறு இடம் தேடுவதைப் பற்றியும் பேசலாம். எதிர்ப்பவர்கள் தாராளமாக வந்து எதிர்க்கலாம். பேரவை உறுப்பினர் அல்லாதவர்களும், குறிப்பாகக் கருவாடு காயவைக்கும் தாய்மார்களும் வாருங்கள். அந்தப் படம் மேஜை மேல் இருக்கும்.